டப்பா அக்கா

கஸ்பாவில் என் பெயர் யாருக்கும் தெரியாது.
வண்டிச் சத்தம் கேட்டதும்
"டப்பா அக்கா வந்துட்டாங்க" என்று
சந்து முழுக்கக் கதவுகள் சொல்லும்.

ஆறு வருஷமாக
டிவிஎஸ் வண்டியின் முன்பக்கம் ஐஸ்பெட்டி,
ஐஸ்பெட்டிக்குள் குழந்தைகளின் மலம்.
இதை வேறு எப்படிச் சொல்வது?
பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா
"ஆஸ்பத்திரி வேலை" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பிள்ளைக்கு ஓர் எண். எண்ணுக்கு ஒரு குப்பி.
ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினாலாம் வாரம்
நாக்கில் ஐந்து சொட்டு.
குப்பிகளில் பாதி மருந்து.
மீதிப் பாதி
அதே ரோஜா நிறத்தில் வெறும் நீர்.
எது எதுவென்று எனக்குத் தெரியாது,
நர்சுக்குத் தெரியாது, பெரிய டாக்டருக்கும் தெரியாது.
எங்கேயோ ஓர் உறைக்கு மட்டும் தெரியும்.

கையெழுத்துக்கு முன்னால் இதை
ஒவ்வோர் அம்மாவிடமும் சொன்னேன்.
பீடி சுற்றும் கை நிற்காமல் கேட்டார்கள்.
தில்ஷாத் மட்டும் கையை நிறுத்தினாள்.
"உங்களுக்கே தெரியாததை
என் பிள்ளை வாயில எப்படி ஊத்துவீங்க?"

"மாமியார் வெச்ச குழம்புன்னு தெரிஞ்சா
உப்பு கூடன்னுதானே தோணும்.
யார் வெச்சதுன்னே தெரியலன்னா
நாக்கு நிஜத்தைச் சொல்லும்."

சிரித்தாள்.
திரும்பவும் முதலிலிருந்து கேட்டாள்.
மூன்றாம் நாள் உருதுவில் கையெழுத்திட்டாள்.

சித்திரையில் குழாய்த் தண்ணீர்
பத்து நாளைக்கு ஒரு தடவை.
வயிற்றுப்போக்கு
கரண்டுக் கணக்கு எடுப்பவரைப் போல
ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கியது.
சார்ப்பனாமேட்டில் யோகஸ்ரீக்குக் கண் குழிந்துவிட்டது.
தோலைக் கிள்ளினேன்,
கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது.
ஐஸ்பெட்டியைப் பக்கத்துக் கடையில் இறக்கிவிட்டு
அவளையும் அவள் அம்மாவையும் ஏற்றினேன்.
நாலு இரவு டிரிப்ஸ்.
முதஸ்ஸிருக்கோ ஒரு நாள்கூட இளகிப் போகவில்லை.

மனசுக்குள் நான் உறையைப் பிரித்துவிட்டேன்:
தில்ஷாத்தின் பையனுக்கு மருந்து, இவளுக்கு நீர்.
அப்படி நினைப்பதும்
விதிகளின்படி தப்பு.

போன வாரம் பேப்பரில் வந்தது.
ஏழாம் பக்கம், நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே
நாலு வரி.
வேலூர்க் குழந்தைகளிடம் சோதித்த சொட்டு மருந்து
பாதிக்கு மேல் பலன் தருகிறதாம்.

அதே வாரம் பட்டியலும் வந்தது.
யோகஸ்ரீ: மருந்து.
முதஸ்ஸிர்: நீர்.
விரல் வைத்து இரண்டு தடவை படித்தேன்.
சொட்டு இல்லாமல் போயிருந்தால்
அந்த நாலு இரவு பத்தாகியிருக்குமோ,
ஒன்றிலேயே முடிந்திருக்குமோ.
ஒற்றைப் பிள்ளையைப் பற்றிக் கேட்டால்
பட்டியல் பேசாது.
ஆயிரம் பிள்ளைகளைச் சேர்த்து நிறுத்தினால்தான்
வாயைத் திறக்கும்.

தில்ஷாத்திடம் சொல்லப் போனவள்
வாசலிலேயே செருப்போடு நின்றேன்.
அவனுக்குச் சொட்டு போடும் வயதும் தாண்டிவிட்டது.

"அப்ப இவன் சும்மாதான் வாயைத் தொறந்தானா?"

சும்மா இல்லை.
நீர் குடித்தவர்கள் இல்லையென்றால்
மருந்தை எதோடு ஒப்பிடுவது?
இதைச் சொன்னேன்.
சரியாகத்தான் சொன்னேன்.
அவள் இலை வெட்டிக்கொண்டிருந்தாள்.
அலமாரியில் நான் கொடுத்த டப்பாக்கள் மூன்று,
பிரிக்காதவை,
இப்போது பிரித்து, உள்ளே பீடி நூல்.

தூளியில் இன்னொன்று சிணுங்கியது.
ஐந்து வாரம்.
"இவளுக்கு?"

அரசாங்கம் எப்போது வாங்கும்,
நம் சென்டருக்கு எப்போது வரும்,
அதற்குள் இவள் வயதும் தாண்டிவிடுமா,
அது இன்னோர் உறை.
"தெரியாது" என்றேன்.
இந்தத் தடவை குழம்பு உதாரணம் எதுவும் கைவசம் இல்லை.

தெருமுனையில் தண்ணீர் லாரி ஹாரன்.
இரண்டு குடங்களோடு அவள் ஓடினாள்,
தூளிக் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு.

என் வேலைப் படிவத்தில்
இதற்குக் கட்டம் கிடையாது.
ஆட்டினேன்.